எபிஸ்கோப்பல் திருமண்டலத்தின் நிகழ்ச்சிப் பட்டியல்: புதிதாக வருபவர் எப்படிப் படிப்பது?

அமெரிக்காவில் எபிஸ்கோப்பல் திருச்சபைக்குப் புதிதாகப் போகிறவருக்கு, அதுவும் சிஎஸ்ஐ-யில் (தென்னிந்தியத் திருச்சபையில்) வளர்ந்தவருக்கு, ஞாயிறு ஆராதனை அவ்வளவு அந்நியமாக இருக்காது. பாவ அறிக்கை, விசுவாசப் பிரமாணம், திருவிருந்து ஜெபம் எல்லாம் பழகிய முகங்கள்தான். குழப்பம் அறிவிப்புகள் வாசிக்கும்போது தொடங்குகிறது. வெஸ்ட்ரி ரிட்ரீட், சேஃப் சர்ச் பயிற்சி, இஎஃப்எம் சேர்க்கை, குவயட் டே, குர்சியோ, கன்வென்ஷன் பிரதிநிதிகள் என்று ஒரே மூச்சில் பெயர்கள் வந்து விழும். இதில் எதற்கு யார் வேண்டுமானாலும் போகலாம், எது கட்டாயம், எதற்கு அழைப்பு இல்லாமல் போகக்கூடாது என்பதை யாரும் சொல்வதில்லை. பழைய உறுப்பினர்களுக்கு அது தெரிந்த விஷயம். புதியவருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். இந்தச் சபையில் சம்பளம் வாங்கும் குருமார் கொஞ்சம், வேலை நிறைய. முழுநேரக் குருவை வைத்துக்கொள்ள வசதி இல்லாத சிறிய சபைகள் ஏராளம். எனவே வேதபாடம் வாசிப்பது, நோயாளி வீட்டுக்குத் திருவிருந்து கொண்டுபோவது, வரவுசெலவுக் கணக்கை ஒப்புக்கொள்வது, அடுத்த பேராயர் யார் என்று முடிவு செய்வது என எல்லாவற்றிலும் சாதாரண சபையாருக்குப் பங்கு இருக்கிறது. அவர்களை அந்த வேலைகளுக்குத் தயார் செய்வதற்காகத்தான் பட்டியலில் உள்ளவற்றில் பெரும்பகுதி நடக்கிறது. ஆகவே எந்த நிகழ்ச்சியைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது: இது யாரை, எந்த வேலைக்குத் தயார் செய்கிறது?

பின்னணி கொஞ்சம்

அமெரிக்கப் புரட்சிக்கு முன்பு அங்கிருந்த ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த) சபைகளுக்கு உள்ளூரில் ஒரு பேராயர்கூட இல்லை. புரட்சி முடிந்ததும் கனெக்டிகட் குருமார் சாமுவேல் சீபரி என்பவரைத் தேர்ந்தெடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அங்கே அபிஷேகம் பெற வேண்டுமானால் மன்னருக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும். அப்போதுதான் மன்னரை எதிர்த்து விடுதலை பெற்ற நாட்டின் குடிமகன் அதை எப்படிச் சொல்வார்? அவர் ஸ்காட்லாந்துக்குப் போனார். 1784 நவம்பர் 14 அன்று அபர்டீன் நகரில் ஸ்காட்லாந்துப் பேராயர்கள் அவரை அபிஷேகம் செய்தார்கள். 1789-ல் பிலடெல்ஃபியாவில் எபிஸ்கோப்பல் திருச்சபையின் அமைப்புச் சட்டம் நிறைவேறியது.

அந்தச் சட்டத்தின் குணம் இன்றும் மாறவில்லை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கூடும் பொது மாநாட்டில் பேராயர்கள் ஓர் அவை. குருமாரும் சபையாரும் சேர்ந்த பிரதிநிதிகள் இன்னோர் அவை. ஒரு தீர்மானம் நிறைவேற இரண்டு அவைகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு திருமண்டலமும், அதாவது ஒரு பேராயரின் கீழ் உள்ள சபைகளின் தொகுதியும், நான்கு குருமார், நான்கு சபையார் வரை பிரதிநிதிகளாக அனுப்பலாம். 2024 ஜூனில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் கூடிய மாநாட்டில்தான் ஷான் ரோ தலைமைப் பேராயராகத் தேர்வானார்.

இந்தச் சபையில் நூற்றுக்கும் மேற்பட்ட திருமண்டலங்கள் இருக்கின்றன. எல்லாம் அமெரிக்காவுக்குள் இல்லை. ஹைட்டி, ஹொண்டுராஸ், தைவான் ஆகியவையும் இதில் சேர்த்தி. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவான தென்னிந்தியத் திருச்சபையும் எபிஸ்கோப்பல் திருச்சபையும் இன்று ஒரே ஆங்கிலிக்கன் ஐக்கியத்துக்குள் இருப்பதால், சிஎஸ்ஐ-யில் ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் (கன்ஃபர்மேஷன்) பெற்றவர் எதையும் மறுபடி பெற வேண்டியதில்லை.

ஆண்டின் ஓட்டம்

நிகழ்ச்சிகள் இரண்டு காலண்டர்களின்படி நடக்கின்றன. ஒன்று சபையின் ஆண்டு: அட்வென்ட் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள்), கிறிஸ்துமஸ், லெந்து (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்), பரிசுத்த வாரம், ஈஸ்டர், பெந்தெகொஸ்தே. மற்றொன்று அமெரிக்கப் பள்ளிக்கூட ஆண்டு. செப்டம்பரில் பள்ளி திறக்கும்போது ஆண்டு முழுவதும் நீளும் வகுப்புகள் தொடங்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பிள்ளைகளின் முகாம்கள். பல சபைகள் ஜனவரியில் ஆண்டுக் கூட்டம் நடத்தி வெஸ்ட்ரிக்கு ஆள் தேர்ந்தெடுக்கின்றன. அதனால் வெஸ்ட்ரி பயிற்சி குளிர்காலத்தில் வரும். அட்வென்ட்டிலும் லெந்திலும் அமைதி நாட்கள், அதாவது குவயட் டே. பரிசுத்த வாரத்தில் ஒருநாள், திருமண்டலக் குருமார் எல்லாரும் பேராயரோடு கூடித் தங்கள் பிரதிக்கினைகளைப் புதுப்பித்துக்கொள்கிறார்கள். ஞானஸ்நானத்துக்கான எண்ணெயைப் பேராயர் ஆசீர்வதிப்பதும் அன்றுதான். பெயரைப் பார்த்தால் குருமாருக்கான கூட்டம் போலத் தோன்றும், சபையாரும் போகலாம்.

வெஸ்ட்ரி என்பது உள்ளூர்ச் சபையின் நிர்வாகக் குழு. நம் ஊரில் சேகரக் கமிட்டி என்போமே, ஏறக்குறைய அது. ஒரு வித்தியாசம் உண்டு. நம் திருமண்டலங்களில் குருவானவரைப் பேராயர் மாற்றல் செய்து அனுப்புவார். இங்கே சொந்தக் காலில் நிற்கும் சபைக்கு ரெக்டரை, அதாவது தலைமைக் குருவைத் தேடித் தேர்ந்தெடுப்பதே வெஸ்ட்ரிதான், பேராயரோடு கலந்துகொண்டு. கட்டடம், பணம், குருவின் சம்பளம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. இவ்வளவு பொறுப்பு இருப்பதால்தான் புதிதாகத் தேர்வானவர்களை ஒரு சனிக்கிழமை உட்காரவைத்து வரவுசெலவு படிக்கவும், காப்பீடு பற்றிக் கேள்வி கேட்கவும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதற்கும் ரிட்ரீட் என்று பெயர் வைத்திருப்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. தியானத்துக்கு அங்கே கிடைக்கும் நேரம் குறைவு.

கன்வென்ஷன்: பார்வையாளராகவாவது ஒருமுறை

நம் ஊரில் கன்வென்ஷன் என்றால் பந்தல், ஒலிபெருக்கி, மூன்று இரவு தேவசெய்தி. எபிஸ்கோப்பல் திருமண்டலத்தில் அது ஆண்டுக்கு ஒருமுறை கூடும் சட்டமன்றம். பெரும்பாலும் இலையுதிர்காலத்தில், ஒரு நாளோ இரண்டு நாளோ நடக்கும். ஒவ்வொரு சபையும் தன் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பும், குருமாரும் வருவார்கள். பேராயர் ஆண்டு உரை நிகழ்த்துவார். வரவுசெலவுத் திட்டம் வாக்கெடுப்புக்கு வரும். பேராயருக்கு ஆலோசனை சொல்லும் நிலைக்குழுவுக்குத் தேர்தல் நடக்கும். திருமண்டல விதிகளுக்கு உட்பட்டு முன்வைக்கப்படும் தீர்மானங்களும் உண்டு.

பேராயர் பதவி காலியானால் இதே அமைப்புதான் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கிறது. குருமார் தனியாக, சபையார் தனியாக வாக்களிப்பார்கள். இரு பக்கமும் தேவையான பெரும்பான்மை ஒரே ஆளுக்குக் கிடைக்கும்வரை சுற்றுச் சுற்றாக வாக்கெடுப்பு போகும். சிஎஸ்ஐ-யில் திருமண்டலம் பெயர்ப் பட்டியலை அனுப்ப, அதன் உச்ச மன்றமான சினாட் தரப்பில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். இங்கே திருமண்டலமே முடிவு செய்கிறது. ஆனால் அதோடு முடிந்துவிடாது. திருமண்டலப் பொறுப்பில் உள்ள பேராயர்களில் பெரும்பான்மையினரும், மற்றத் திருமண்டலங்களின் நிலைக்குழுக்களில் பெரும்பான்மையும் சம்மதிக்க வேண்டும். தேர்தலுக்கு முன் வேட்பாளர்களைத் திருமண்டலம் முழுக்க ஊர் ஊராக அழைத்துப்போய்ச் சபையார் கேள்வி கேட்கவிடுவார்கள். பட்டியலில் 'வாக்கபவுட்' என்று வருவது இதுதான். வருங்காலப் பேராயரிடம் ஒரு சாதாரண உறுப்பினர் மைக்கைப் பிடித்துக் கேள்வி கேட்கும் காட்சி, திருமண்டலத் தேர்தல் என்றாலே கோஷ்டியும் வழக்கும் நினைவுக்கு வருகிறவர்களுக்கு வியப்பாக இருக்கலாம். இங்கேயும் கோஷ்டி இல்லாமல் இல்லை; சத்தம் குறைவு.

கன்வென்ஷனைப் பார்வையாளராக உட்கார்ந்து பார்க்கப் பொதுவாகத் தடையில்லை. திருமண்டலம் என்றால் என்ன என்று ஒரே நாளில் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை, பட்ஜெட் விவாதத்தின்போது தூக்கம் வந்தாலும்.

பேராயரின் சபைச் சந்திப்பையும் இங்கேயே சொல்லிவிடலாம். பேராயர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு சபைக்கும் வர வேண்டும் என்று சபைச் சட்டமே சொல்கிறது. திடப்படுத்தல் பெரும்பாலும் அன்றைக்கு வைக்கப்படும். மற்றச் சபைகளிலிருந்து வருபவர்களைப் பேராயர் கைகுலுக்கியோ கைவைத்தோ ஏற்றுக்கொள்வதும் அப்போதுதான். சிஎஸ்ஐ பின்னணி உள்ளவர்கள் முறையாகச் சேர இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை; உறுப்பினர் மாற்றுக் கடிதம் பற்றிக் குருவானவரிடம் கேட்டால் போதும்.

ரிட்ரீட்டில் பேச்சு குறைவு

நம் சபைகளில் ரிட்ரீட் என்றால் இரண்டு மூன்று செய்தியாளர்கள், பாட்டுக்குழு, கண்ணீர் ஜெபம், நடுவில் பிரியாணி. அதையே எதிர்பார்த்து எபிஸ்கோப்பல் அமைதி நாளுக்குப் போனால் முதல் ஒரு மணி நேரம் கஷ்டமாக இருக்கும். காலையில் ஒரு சிறு உரை, பதினைந்து இருபது நிமிடம். பிறகு எல்லாரும் கலைந்து போவார்கள். தோட்டத்தில் நடக்கலாம், ஆலயத்தில் உட்காரலாம், ஒரு வசனத்தை எழுதிவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம். யாரும் யாரோடும் பேசுவதில்லை. மதியச் சாப்பாடும் மௌனத்தில்தான். பிறகு இன்னோர் உரை, ஒரு ஜெப ஆராதனை, முடிந்தது. 'இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்' என்று முதல் தடவை தோன்றினால் அது இயல்பு. அந்த மௌனத்தைக் காலியான நேரம் என்று நினைக்காமல், அதற்காகவே நிகழ்ச்சி வைத்திருக்கிறார்கள் என்று பழகுவதற்குக் கொஞ்சம் காலம் பிடிக்கும்.

வார இறுதி முழுக்கத் தங்க விரும்புகிறவர்களுக்கு மடங்கள் இருக்கின்றன. ஆங்கிலிக்கன் சபையில் துறவிகளா என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் வெஸ்ட் பார்க் என்ற ஊரில் பரிசுத்த சிலுவைச் சபையின் மடம் இருக்கிறது. இந்தத் துறவறச் சபையை 1884-ல் ஜேம்ஸ் ஹண்டிங்டன் என்ற குருவானவர் தொடங்கினார். அமெரிக்க மண்ணிலேயே பிறந்த துறவறச் சபை இது. மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில் சார்ல்ஸ் ஆற்றங்கரையில் இன்னொரு மடம், பரிசுத்த யோவான் சுவிசேஷகன் சங்கத்தினுடையது. அந்தச் சங்கம் 1866-ல் ஆக்ஸ்ஃபோர்டில் தோன்றியது. இரண்டு இடத்திலும் விருந்தினர் தங்கலாம். ஒரு நாளில் பலமுறை மணியடிக்கும்; துறவிகள் சங்கீதங்களைப் பாடி ஜெபிக்கும்போது நாமும் கூடப் போய் உட்காரலாம். இரவு ஜெபத்துக்குப் பிறகு மறுநாள் காலைவரை யாரும் பேசுவதில்லை. விரும்பினால் ஆவிக்குரிய வழிகாட்டி ஒருவரைத் தனியாகச் சந்திக்க ஏற்பாடு செய்வார்கள். எபிஸ்கோப்பல் உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

குர்சியோ வேறு ரகம். 1940-களில் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் ரோமன் கத்தோலிக்கர்கள் தொடங்கிய மூன்று நாள் முகாம் இது. பிறகு எபிஸ்கோப்பல் திருமண்டலங்களும் எடுத்துக்கொண்டன. பாட்டு, சாட்சி, சிறு குழு உரையாடல் எல்லாம் இருக்கும். நம்மவர்களுக்கு உடனே ஒட்டும். ஆனால் நேரடியாகப் பெயர் கொடுக்க முடியாது. ஏற்கெனவே போய்வந்த ஒருவர் நமக்காகப் பரிந்துரைக்க வேண்டும். உள்ளே நடப்பதைப் பற்றி அவர்கள் பேசும்போது கொஞ்சம் மர்மமாகவே பேசுவார்கள். அந்த மர்மம் தேவையில்லை என்பது என் எண்ணம். இதே பாணியில் உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நடப்பது 'ஹாப்பனிங்'. குருமார் ரிட்ரீட் குருமாருக்கு மட்டுமே.

பயிற்சிகள்

சேஃப் சர்ச் பயிற்சி மட்டும் உண்மையாகவே கட்டாயம். குருமார், வெஸ்ட்ரி உறுப்பினர், ஞாயிறுபள்ளி ஆசிரியர், முகாம் ஊழியர், முதியவர் வீடுகளுக்குப் போகிறவர் என்று பிறரின் நம்பிக்கையைச் சுமக்கும் யாரும் இதைத் தவிர்க்க முடியாது. துஷ்பிரயோகத்தின் அறிகுறிகளை எப்படிக் கண்டுகொள்வது, யாரிடம் உடனே சொல்ல வேண்டும், பிள்ளைகளோடு கைபேசியில் எந்த அளவுக்குப் பேசலாம் என்பதெல்லாம் பாடம். அடிப்படை விதி எளிது: ஒரு பெரியவர் பிள்ளைகளோடு தனியாக இருக்கக்கூடாது, உறவினர் அல்லாத இரண்டு பெரியவர்களாவது வேண்டும். இதோடு பின்னணிச் சோதனையும் உண்டு. இருபது வருடமாக ஞாயிறுபள்ளி நடத்தியவர் 'என்னையே சந்தேகப்படுகிறீர்களா' என்று வருத்தப்படுவது புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் எல்லாருக்கும் ஒரே விதி என்பதில்தான் இதன் பலம். நல்லவர் என்று பெயர் எடுத்தவருக்கு விலக்கு கொடுத்ததால்தான் பல சபைகளில் பிள்ளைகள் பாதிக்கப்பட்டார்கள்.

அடுத்தது, உரிமம் பெற்ற ஊழியங்கள். திருவிருந்தில் கிண்ணம் கொடுப்பவர், ஞாயிறு ஆராதனை முடிந்து திருவிருந்தை நோயாளிகளுக்குக் கொண்டுபோகிறவர், குரு இல்லாத நாளில் ஆராதனை நடத்துகிறவர், பிரசங்கம் செய்கிறவர் எனத் தனித்தனி உரிமங்கள். குரு இல்லாத ஊர்களில் சபையை நடத்தும் நம் உபதேசியார் மரபை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. உள்ளூர்க் குருவானவர் பரிந்துரைக்க, பயிற்சிக்குப் பின் பேராயர் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு உரிமம் கொடுக்கிறார். பிரசங்க உரிமத்துக்குப் படிப்பு அதிகம். கிண்ணம் கொடுப்பதற்கு ஒரு சனிக்கிழமை காலை போதும் என்ற அளவில்தான் பல இடங்களில் இருக்கும்.

இஎஃப்எம் எந்த உரிமத்துக்கும் உரியதல்ல. டென்னசி மாநிலம் செவானியில் உள்ள தெற்குப் பல்கலைக்கழகத்தின் இறையியல் பள்ளி 1975 முதல் நடத்தும் நான்கு ஆண்டுப் படிப்பு அது. முதல் ஆண்டு பழைய ஏற்பாடு, இரண்டாம் ஆண்டு புதிய ஏற்பாடு, மூன்றாம் ஆண்டு சபை வரலாறு, நான்காம் ஆண்டு இறையியல். பத்துப் பேருக்கு முன்பின்னான குழு வாரம் ஒருமுறை கூடும். ஒரே குழுவில் நான்கு ஆண்டு மாணவர்களும் கலந்திருப்பார்கள். ஒருவர் ஆதியாகமம் படித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் இருப்பவர் சீர்திருத்த இயக்கத்தில் இருப்பார். தேர்வு கிடையாது. ஒவ்வோர் ஆண்டாகப் பதிவு செய்தால் போதும், நான்கு ஆண்டுக்கும் முதலிலேயே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. படித்ததையும் சொந்த வாழ்க்கையையும் சேர்த்து யோசிக்கப் பழக்குவதுதான் நோக்கம். வேதத்தை வசன வசனமாக மனப்பாடம் செய்து வளர்ந்தவருக்கு, 'இந்தப் பகுதியை எழுதியது யார், எந்தக் காலத்தில்' என்று தொடங்கும் பாடம் முதலில் நெருடலாம். அதற்காக விலகிவிட வேண்டாம் என்பேன். குழுவில் உங்களைப் போலவே நெருடலோடு வந்தவர் இன்னும் ஒருவராவது இருப்பார்.

நினைவு நாட்களும் யாத்திரையும்

பட்டியலில் ஒரு பகுதி எந்த வேலைக்கும் ஆள் தயார் செய்வதில்லை, நினைவுகூர்வதற்காக நடக்கிறது. பிப்ரவரி 13 அன்று அப்சலோம் ஜோன்ஸ் நாள். அடிமையாகப் பிறந்து, இந்தச் சபையின் முதல் கறுப்பினக் குருவாக ஆனவர். பல திருமண்டலங்கள் அந்த வாரத்தில் சிறப்பு ஆராதனை நடத்துகின்றன.

ஆகஸ்டில் அலபாமா மாநிலத்தின் ஹேன்வில் என்ற சிறிய ஊருக்கு யாத்திரை. நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த ஜானதன் டேனியல்ஸ் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் இறையியல் படித்துக்கொண்டிருந்தவர். கறுப்பினத்தவரின் வாக்குரிமைப் போராட்டத்துக்கு உதவ அலபாமா போனார். 1965 ஆகஸ்ட் 14 அன்று போராட்டக்காரர்களோடு கைதானார். 20-ம் தேதி விடுதலையானதும், குளிர்பானம் வாங்க நாலு பேர் பக்கத்துக் கடைக்கு நடந்தார்கள். வாசலில் துப்பாக்கியோடு நின்றவன் 17 வயது ரூபி சேல்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணைக் குறிவைத்தான். டேனியல்ஸ் அவரைத் தள்ளிவிட்டுக் குண்டைத் தன் மேல் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 26. சுட்டவனை, வெள்ளையர் மட்டுமே கொண்ட ஜூரி விடுதலை செய்தது. அலபாமாவிலும் மத்திய வளைகுடாக் கரையிலும் உள்ள இரண்டு திருமண்டலங்களும் சேர்ந்து நடத்தும் இந்த யாத்திரையில், மக்கள் சிறைச்சாலைக்கும் கடை இருந்த இடத்துக்கும் நடந்துபோய், அந்த விடுதலைத் தீர்ப்பு சொல்லப்பட்ட அதே நீதிமன்ற அறையில் திருவிருந்து எடுக்கிறார்கள். ஆகஸ்ட் வெயிலில் நடக்கத் தொப்பியும் தண்ணீரும் வேண்டும். பட்டியலில் ஒரே வரியில், தேதியும் நேரமும் மட்டும் போட்டு வரும் இதை எளிதில் தாண்டிப் போய்விடலாம்.

பிள்ளைகளும் முகாமும், செலவும்

பல திருமண்டலங்களுக்குச் சொந்தமாகவோ பங்காகவோ முகாம் இடங்கள் உண்டு. டெக்சாஸ் திருமண்டலத்துக்கு நவசோட்டா அருகே கேம்ப் ஆலன். அலபாமாவுக்குக் கேம்ப் மெக்டவல். வட கரோலினா மலையில் 1928 முதல் இயங்கும் கனூகாவுக்குப் பல மாநிலங்களிலிருந்து வருகிறார்கள். விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) போல மாலையில் வீட்டுக்கு வரும் ஏற்பாடு அல்ல. பிள்ளை சில இரவுகள் அங்கேயே தங்கும். ஏரி, படகு, கேம்ப்ஃபயர், காலை மாலை ஜெபம். தமிழ்ப் பெற்றோர் முதலில் தயங்குவார்கள், நியாயம்தான். முகாமுக்குப் போகும் முன் திறந்தநாள் வைத்தால் நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

கட்டணம் பல இடங்களில் சுமையாகவே இருக்கும். ஆனால் அறிவிப்பில் போட்டிருக்கும் தொகை கடைசி வார்த்தை அல்ல. உள்ளூர்ச் சபையும் திருமண்டலமும் உதவித்தொகை ஒதுக்கிவைப்பது வழக்கம்; கேட்டால்தான் கிடைக்கும். நம்மவர்கள் கேட்கக் கூச்சப்படுவோம், அவர்களோ யாரும் கேட்கவில்லை என்று அந்தப் பணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிடுவார்கள். குருவானவரிடம் தனியாக ஒரு வார்த்தை போதும்.

முகாமில் பிள்ளைகளோடு ஊழியம் செய்ய விருப்பம் இருந்தால் சேஃப் சர்ச் பயிற்சியை வசந்த காலத்திலேயே முடித்துவிடுங்கள். பின்னணிச் சோதனை சில சமயம் வாரக்கணக்கில் இழுக்கும். ஜூன் வந்தபிறகு விண்ணப்பித்தால் அந்தக் கோடை போய்விடும்.